குதிரை வைத்தியம் பழகும் நம் பிள்ளைக்கு எதுவரை வழிகாட்டலாம்?

கல்லடிப்பாலம் | ஞாயிறு, இரவு 8.20

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் அரச கால்நடை வைத்தியராக இருக்கிறேன். பசு, எருமை, ஆடு, இடையில் யாராவது தூக்கிக்கொண்டு வரும் நாய், இதுதான் என் வேலை. ஆனால் இங்கே கேட்க வந்தது குதிரை வைத்தியம் பற்றி.

பேராதனையில் படித்த காலத்தில் விடுமுறைக்கு எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த அம்பாறை மாவட்டத்துத் தங்கச்சி ஒருவர் இப்போது வெளிநாட்டில் ஒரு குதிரை வைத்தியசாலையில் இன்டேர்னாக இருக்கிறார். அடிக்கடி இரவில் போன் எடுப்பார். முதலில் எல்லாம் வைத்தியக் கேள்விகள். போன வாரம் கேட்டது வேறு மாதிரி.

ஒருவர் குதிரை வாங்கப் போகிறார். வாங்குமுன் அதைப் பரிசோதித்து அறிக்கை தரும் வேலை இவருக்கு வந்தது. பின்காலின் கணுமூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டபோது குதிரை சில அடிகள் நொண்டியது. குறித்துக்கொண்டார். மேற்பார்வை டொக்டர் பார்த்துவிட்டு, "இந்த வயதுக் குதிரையில் இது சகஜம், அறிக்கையில் வேண்டாம்" என்று சொன்னாராம். விற்பவர் அந்த வைத்தியசாலையின் பழைய வாடிக்கையாளர். அடுத்த கட்டப் படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டியவரும் அதே மேற்பார்வை டொக்டர்தான்.

"சேர், நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

எனக்குக் குதிரை தெரியாது என்பதை மறைக்க விரும்பவில்லை. மாட்டுக்குப் போடும் சைலசீன் என்ற மயக்க மருந்தின் அளவு குதிரைக்குப் போதவே போதாது. குதிரைக்குப் போடும் அளவை மாட்டுக்குப் போட்டால் மாடு எழும்பாது, கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். மாட்டில் கை விட்டுப் பார்த்துப் பழகிய தைரியத்தோடு குதிரையில் கை விட்டால் மலக்குடல் கிழிந்து குதிரையே போய்விடலாம். அப்படியிருக்க, அங்கே உள்ள ஒரு குதிரையைப் பற்றி இங்கிருந்து நான் எந்த அளவுக்குப் பேசலாம்? பேசாமல் விட்டால் அந்தப் பிள்ளை வேறு யாரிடம் போவார்?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். என்னைப்போல் நடுவயதில் இருப்பவருக்கு யார்? ஓய்வுக்குக் கிட்ட நிற்பவருக்கு யார்?

இதை எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டேன். பதிவை அவர் வாசித்துவிட்டார். நாடு, ஊர், வைத்தியசாலை எதையும் யாரும் ஊகித்து எழுத வேண்டாம்.


சம்மாந்துறை டொக்டர் | ஞாயிறு, இரவு 9.05

கோபிக்க வேண்டாம். இதை இவ்வளவு பெரிதாக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மேற்பார்வை டொக்டர் எத்தனையோ குதிரைகளைப் பார்த்தவர். இந்தப் பிள்ளை போய் எவ்வளவு காலம்? மடக்கிப் பார்க்கும் சோதனையில் கொஞ்சம் நொண்டுவதெல்லாம் நோய் ஆகாது. மூத்தவர் சொன்னால் கேட்டுப் பழக வேண்டும். நாங்களும் திட்டு வாங்கித்தான் வந்தோம். இரவு பகல் பார்க்காமல் ஓடித்தான் கை பழகியது. இப்போது வருகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று தடவிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.


ஆரையம்பதி அக்கா | திங்கள், அதிகாலை 2.10

நான் இங்கிலாந்தில் கலப்பு வைத்தியத்தில் இருக்கிறேன், பாதி வேலை குதிரை. சம்மாந்துறை டொக்டர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் எடுக்கிறேன்.

மடக்கிப் பார்க்கும் சோதனை ஆளுக்கு ஆள் மாறும். எவ்வளவு பலமாகப் பிடித்தோம், எவ்வளவு நேரம் பிடித்தோம் என்பதைப் பொறுத்து நல்ல குதிரையும் இரண்டு அடி நொண்டும். ஆகவே மேற்பார்வையாளரின் வைத்தியக் கருத்து பிழை என்று இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது. கல்லடிப்பாலம் தம்பியும் சொல்லக் கூடாது.

ஆனால் கேள்வி அதுவல்ல. இங்கே வாங்குமுன் செய்யும் முழுப் பரிசோதனை ஐந்து கட்டம். நிற்கும் குதிரையை முழுதாகப் பார்ப்பது, நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்ப்பது, சவாரி செய்து களைக்கவிட்டு இதயமும் மூச்சும் பார்ப்பது, ஆறவிடுவது, மறுபடி ஓடவிடுவது. இரத்தமும் எடுத்துப் பாதுகாத்து வைப்பார்கள், வழமையாக ஆறு மாதம். பிறகு குதிரை நொண்டத் தொடங்கி, அன்றைக்கு பினைல்பியூட்டசோன் கொடுத்து வலியை மறைத்தார்களா என்ற சந்தேகம் வந்தால் அந்த இரத்தம் பதில் சொல்லும். இந்த ஏற்பாடு முழுவதும் வாங்குபவருக்காக. காசு கொடுப்பது அவர். விற்பவர் அதே வைத்தியசாலையின் வாடிக்கையாளர் என்றால் அதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அது நடந்ததா என்று தங்கச்சி முதலில் பார்க்கட்டும்.

அறிக்கையில் கண்டது ஒரு பகுதி, கருத்து ஒரு பகுதி. "இந்தக் காலை மடக்கி ஓடவிட்டபோது இத்தனை அடி நொண்டியது" என்பது கண்டது. "இந்த வயதில் இது பெரும்பாலும் பொருட்படுத்தத் தேவையில்லை" என்பது கருத்து. இரண்டும் அடுத்தடுத்து நிற்கலாம். மேற்பார்வையாளரின் அனுபவம் இரண்டாவது வரிக்குள் தாராளமாக வரட்டும். முதல் வரியை அழிக்கும் உரிமை அந்த அனுபவத்துக்குக் கிடையாது. கையொப்பம் தங்கச்சியுடையது என்றால் கண்டதும் அவர் கண்டதாகவே இருக்க வேண்டும்.

தம்பி சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்பது என் எண்ணம். இதற்குக் குதிரை தெரியத் தேவையில்லை.


மட்டுறுத்துநர் | திங்கள், காலை 7.30

ஒரு பதிவில் வைத்தியசாலையைக் கண்டுபிடிக்க முயன்ற வரிகள் இருந்தன. நீக்கிவிட்டோம். இழையைத் தொடருங்கள்.


அக்கரைக் காற்று | திங்கள், காலை 10.15

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அக்கரைப்பற்று ஆள். வளைகுடா நாடொன்றில் குதிரை லாயங்களில் பல வருடம் வேலை செய்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன்.

அங்கே நீண்டதூர ஓட்டப் போட்டி பெரிய விஷயம். 120 கிலோமீட்டர், 160 கிலோமீட்டர் என்று ஓடுவார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் வைத்தியர் சோதனை. சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனத்தின் வழமையான விதிப்படி குறித்த நேரத்துக்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குதிரை வெளியே. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் துடிப்பு என்பதை நினைத்தால் இது எவ்வளவு முக்கியம் என்று விளங்கும். 65 என்று சொல்லும் வைத்தியரின் வாயைப் பார்த்துக்கொண்டு முதலாளி, பயிற்றுநர், ஓட்டக்காரர் எல்லோரும் நிற்பார்கள். 2015இல் குதிரைகளின் நலன் தொடர்பான முறைப்பாடுகளால் ஐக்கிய அரபு அமீரகத்தின் சம்மேளனத்தையே சர்வதேசச் சம்மேளனம் சில மாதம் இடைநிறுத்தியது. அந்த அளவுக்குப் போன விவகாரம் இது.

எனக்கு அங்கே வாய்த்த மூத்தவர் ஒரு சூடானிய டொக்டர். நான் புதிது என்பதால் முதல் பருவம் முழுக்க அவர் ஒரு பக்கம் ஸ்டெதஸ்கோப் வைப்பார், நான் மறுபக்கம். எண்ணி முடித்ததும் முதலில் என் எண்ணைத்தான் கேட்பார். தன் எண்ணை முதலில் சொன்னால் நான் அதற்கு இசைந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் என் எண் கூடுதலாக வந்தது. பயிற்றுநர் சத்தம் போட்டார். அவர் என்னைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வரவில்லை. என் பக்கத்தில் நின்றபடி, "எண்ணியது இவர், நானும் எண்ணினேன், குதிரை ஓடாது" என்றார். அவ்வளவுதான். மறுகா எத்தனையோ சத்தங்களுக்கு நடுவில் நான் தனியே நின்று எண்ணியிருக்கிறேன், கை நடுங்கவில்லை.

சம்மாந்துறை காக்கா, திட்டுவதால் கை பழகும் என்கிறீர்கள். கை பழகலாம். வாய் பழகாது. இந்தத் தொழிலில் "இந்தக் குதிரை ஓடாது", "இந்தச் சான்றிதழ் தர முடியாது" என்று சொல்லும் வாய்தான் கடினம். அதை ஒருவர் சொல்லிக் காட்டாமல் யாருக்கும் வராது. சொன்ன பிறகு பக்கத்தில் நிற்கவும் ஆள் வேண்டும்.


களுவாஞ்சிகுடிப் பிள்ளை | திங்கள், பிற்பகல் 1.40

இறுதியாண்டு மாணவி. நான் எழுதலாமோ என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் படிக்கும் காலத்தில் குதிரையைத் தொடக் கிடைப்பது மிகக் குறைவு. புத்தகத்தில் படிக்கிறோம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் குடல் அடைத்தால் வயிறு நிரம்பி வெடிக்கும், மூக்கு வழியாகக் குழாய் விட்டு இறக்க வேண்டும் என்று எழுதித் தேர்வும் எழுதிவிடுவோம். ஆனால் அந்தக் குழாயைக் கையில் பிடித்தவர்கள் எங்களில் சிலர்தான். வெளியில் போய் முதல் நாளே "தெரியாது" என்று சொல்ல வேண்டிவரும். அந்தச் சொல்லுக்கு முகம் சுளிக்காத ஒருவர் கிடைத்தால் போதும் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

எனக்குத் தெரிய வேண்டிய ஒன்று. மூத்தவர்கள் வட்ஸ்அப் குழுக்களில் நோயாளி விலங்குகளின் படம் போட்டு ஆலோசனை கேட்கிறார்கள். எங்களுக்கு அது பெரிய படிப்பு. ஆனால் அதில் சொந்தக்காரரின் முகமும் வீடும் தெரிகிறது. ஒருமுறை முன்பு பார்த்த டொக்டரின் மருந்துத் துண்டையும் அப்படியே போட்டு, "யார் இந்த மருந்து எழுதியது" என்று கேட்டிருந்தார்கள். அது சரியா?


ஆரையம்பதி அக்கா | திங்கள், பிற்பகல் 3.25

சரியில்லை மகள். விலங்கின் காயத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போடலாம், அதுவும் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு. முன்பு பார்த்த வைத்தியரைப் பற்றிக் கேட்க இருந்தால் அவருக்கே போன் எடுக்க வேண்டும். மாணவர்கள் பார்க்கும் இடத்தில் ஒரு வைத்தியரைக் கிழித்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள்.

உங்கள் வயதினருக்கு வேறொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குதிரை வைத்தியர் சங்கம் தரும் கணக்குப்படி, பட்டம் பெறும் வைத்தியர்களில் நேரடியாகக் குதிரைத் துறைக்குப் போகிறவர்கள் 1.3 சதவீதம்தான். இன்னும் 4.5 சதவீதம் குதிரை இன்டேர்ன் வேலைக்குப் போகிறார்கள். ஐந்து வருடத்துக்குள் பாதிப்பேர் அந்தத் துறையை விட்டுப் போய்விடுகிறார்கள். 2022இல் அந்தச் சங்கம் இதற்கென்றே ஓர் ஆணைக்குழு வைத்தது. சம்பளம், இரவு அவசர அழைப்பு, வேலையிடத்துப் பழக்கவழக்கம், இன்டேர்ன்களை நடத்தும் விதம், மாணவர்களை வளர்ப்பது என்று ஐந்தையும் எடுத்தார்கள். குதிரை பிடிக்காமல் யாரும் அந்தத் துறைக்குள் போவதில்லை. அப்படிப் பிடித்துப் போனவர்களில் பாதிப்பேர் ஏன் வெளியேறுகிறார்கள் என்பதை மூத்தவர்கள்தான் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "நாங்களும் அப்படித்தான் வந்தோம்" என்பவர்கள் அப்படி வந்து தங்காமல் போனவர்களை எண்ணுவதில்லை.

இங்கே பிரிட்டனில் 2021 முதல் புதுப் பட்டதாரிகளுக்கான திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்பவருக்கு வேலையிடத்திலேயே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, நானும் ஆலோசகராக இருக்கிறேன். ஆனால் குறை என்று ஒன்றைச் சொல்வேன். பல இடங்களில் அந்த ஆலோசகர் முதலாளியாகவும் இருக்கிறார். சம்பளம் போடுகிறவரிடம், சிபாரிசு எழுதுகிறவரிடம் "நீங்கள் சொன்னது சரியில்லை" என்று எந்தப் பிள்ளை சொல்லும்? அதனால் வெளியில் இருக்கும், எந்த லாபமும் நட்டமும் இல்லாத ஓர் ஆள் எல்லா இளையவர்களுக்கும் வேண்டும். கல்லடிப்பாலம் தம்பி மாட்டு டொக்டராக இருப்பது இந்த இடத்தில் நல்லதே. அவரிடம் அந்தப் பிள்ளைக்கு இழக்க ஒன்றுமில்லை.


வெல்லாவெளிப் பட்டிக்காரன் | திங்கள், மாலை 6.50

நான் டொக்டர் இல்லை. பட்டி வைத்திருக்கிறேன், தயிரும் போடுகிறோம். குதிரை பற்றி எனக்குத் தெரியாது. சான்றிதழ் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன்.

மடி வீங்கிய மாட்டுக்கு ஊசி போட்டால் இத்தனை நாள் பால் எடுக்கக் கூடாது என்று டொக்டர் சொல்வார். எல்லாப் பட்டிக்காரரும் கேட்பதில்லை, நட்டம். ஆனால் மருந்துப் பாலில் தயிர் உறையாது. சட்டியில் ஊற்றி வைத்தால் தண்ணியாகவே கிடக்கும். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பாலாகவே விற்கிறவருக்குத் தெரியாது, குடிக்கிற பிள்ளைக்கும் தெரியாது.

எங்கள் பக்கம் புதிதாக வந்த ஒரு பெண் டொக்டரிடம் ஒருவர் போய், "இன்றைக்கே பால் எடுக்கலாம் என்று எழுதித் தாங்க, பழைய டொக்டர் தருவார்" என்று கேட்டார். அந்தப் பிள்ளை எங்களுக்கு முன்னால் பழைய டொக்டருக்கே போன் போட்டது. அவர் ஸ்பீக்கரில், "நான் ஒருநாளும் கொடுத்ததில்லை, நீங்களும் கொடுக்க வேண்டாம் மகள்" என்று சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வட்டையில் யாரும் அந்தப் பிள்ளையிடம் அப்படிக் கேட்கவில்லை.


பாண்டிருப்பான் | திங்கள், இரவு 9.30

ஓய்வு பெற்றுவிட்டேன். கண் கொஞ்சம் மங்கல், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் வருடா வருடம் பாரதம் படித்துக் கேட்டு வளர்ந்தவன் நான். விராட நாட்டில் ஒளிந்திருந்த காலத்தில் நகுலன் குதிரை லாயத்துக்குப் போனான், சகாதேவன் மாட்டுப்பட்டிக்குப் போனான். சின்ன வயதில் அது எனக்குப் பெரிய சந்தோஷம். பிற்காலத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது வனத்தில் தருமருக்குச் சொல்லப்படும் நளன் கதை. நளனுக்குக் குதிரையின் உள்ளம் தெரியும். அவன் தேரோட்டியாக இருந்த அரசன் இருதுபன்னனுக்குச் சூதாட்ட எண்ணிக்கை தெரியும். அரசனும் தேரோட்டியும் தேரில் போகும் வழியிலேயே ஒருவருக்கொருவர் வித்தையைக் கொடுக்கிறார்கள். இருதுபன்னன் அரசன் என்பதற்காகச் சும்மா வாங்கவில்லை, தன்னுடையதைக் கொடுத்துத்தான் வாங்குகிறான்.

கல்லடிப்பாலம் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஓய்வுக்குக் கிட்ட நிற்பவருக்கு யார்? என் அனுபவத்தில் இளையவர்கள்தான்.

சேவையின் கடைசிக் காலத்தில் கடற்கரை விடுதி ஒன்றில் சவாரிக்கு வைத்திருந்த குதிரைக்கு வயிற்று வலி என்று கூப்பிட்டார்கள். போனால் நிலத்தைக் கால்களால் கிளறுகிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்து உருளப் பார்க்கிறது. குதிரைப் பந்தயம் நடக்கும் நுவரெலியாப் பக்கம் குதிரை பார்த்துப் பழகிய ஒரு டொக்டரைத் தெரியும், என்னை விட மிகவும் இளையவர். போன் எடுத்தேன். அவர் மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. முதலில் இதயத்துடிப்பு கேட்டார். ஈறின் நிறம் கேட்டார். இரண்டு விலாவிலும் காதை வைத்துக் குடல் சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். வலிக்கு ஏற்கெனவே ஏதாவது கொடுத்தார்களா என்று விசாரித்தார். "வலி மருந்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டாம் சேர், வலி மறைந்துவிடும், அறுவைச் சிகிச்சைக்குரிய குடல் முறுக்கு என்றால் நமக்குத் தெரியாமலே போய்விடும்" என்றார். மூக்குவழி குழாய் விடும்போது தொலைபேசியைத் துண்டிக்கவில்லை. குழாய் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் உணவுக்குழாய்க்குள் போனதைக் கழுத்தின் இடப்பக்கம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு லாயத்தில் என்ன தீன் கொடுக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். அங்கே மாட்டுத் தீன் மூட்டை கிடந்தது. சில மாட்டுத் தீனிலும் கோழித் தீனிலும் சேர்க்கும் மொனன்சின் மாடு தாங்கும் அளவிலேயே குதிரையைக் கொன்றுவிடும் என்று அன்றைக்குத்தான் அந்த விடுதிக்காரர் அறிந்தார். மூட்டையை அன்றே அப்புறப்படுத்தினோம்.

குதிரை பிழைத்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இளையவர் என்னோடு பேசிய விதத்தை. ஒரு தடவைகூட "உங்களுக்கு இது தெரியாதா" என்ற தொனி வரவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நான் என் கையால் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முடிவை எனக்கே விட்டார். தொலைவில் இருந்து வழிகாட்டுவது என்றால் அது. காணாத விலங்குக்கு மருந்து சொல்லாமல், கண்டவனைக் கேள்வி கேட்டு முழுதாகப் பார்க்க வைப்பது. கல்லடிப்பாலமும் அந்தத் தங்கச்சிக்கு இதைத்தான் செய்ய முடியும், செய்யவும் வேண்டும்.

வயதானவர்களுக்கு இன்னொரு கடமை உண்டு. கை நடுங்கத் தொடங்கினால், கண் மங்கினால், அதை முதலில் காண்பவர் பக்கத்தில் நிற்கும் இளையவர்தான். அவர் அதைச் சொல்வதற்கு வாசல் திறந்து வைத்திருக்க வேண்டும். எனக்கு என் உதவி டொக்டர் சொன்னார், "சேர், இனிச் சினைப் பரிசோதனையை ஸ்கானில் நான் பார்க்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்து மாட்டுக்காரரோடு பேசுங்கள்" என்று. அவர் எனக்கு ஸ்கான் பார்க்கப் பழக்கினார். ஒவ்வொரு பட்டிக்காரரையும் எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்பதை நான் அவருக்குப் பழக்கினேன்.


சம்மாந்துறை டொக்டர் | செவ்வாய், காலை 6.15

எல்லாவற்றையும் வாசித்தேன். கண்டதையும் கருத்தையும் பிரித்து எழுதுவது பற்றி ஆரையம்பதி அக்கா சொன்னதை ஏற்கிறேன். அது மூத்தவரின் மரியாதையையும் குறைக்கவில்லை.

ஆனால் என் பேச்சில் ஒன்றை விட மாட்டேன். எல்லா முடிவுக்கும் போன் எடுத்துப் பழகினால் அந்தப் பிள்ளை எப்போது தனியாக முடிவெடுக்கும்? இரவு இரண்டு மணிக்குக் குட்டி குறுக்கே கிடக்கிறது என்று ஒரு குதிரைக்காரர் கூப்பிட்டால் மட்டக்களப்புக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்க முடியுமா? குதிரையில் பனிக்குடம் உடைந்தால் அரை மணித்தியாலத்துக்குள் குட்டி வெளியே வர வேண்டும், மாட்டைப்போல் நேரம் தராது. தனியாக விடுவதும் பயிற்சிதான்.


அக்கரைக் காற்று | செவ்வாய், காலை 8.40

காக்கா சொல்வது சரி. ஆனால் தனியாக விடுவதும் கைவிடுவதும் வேறு வேறு. சூடானிய டொக்டர் என்னைத் தனியாக விட்ட நாளில் முதல் நாள் இரவே உட்கார்ந்து, "நாளைக்கு இன்னின்னது வரலாம், இது வந்தால் நீயே முடி, இது வந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு" என்று பிரித்துக் கொடுத்தார். முடிந்த பிறகும் அதே இரவில் உட்கார்ந்து நான் எடுத்த ஒவ்வொரு முடிவையும் கேட்டார். பல இடங்களில் முதல் பாதியும் இல்லை, பின்பாதியும் இல்லை, நடுவில் இளையவரை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 2014இல் வெளிவந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆய்வில், ஒரு குதிரை வைத்தியர் 30 வருட வேலைக் காலத்தில் வேலையைத் தடுக்கும் அளவுக்கு ஏழு எட்டுக் காயங்களை எதிர்பார்க்கலாம் என்று கண்டார்கள். பெரும்பாலும் உதை. அவுஸ்திரேலியாவில் ஹென்ட்ரா வைரசு 1994இல் குதிரைகளில் இருந்து மனிதருக்கு வந்தது. இதுவரை மனிதரில் தொற்றியவர்கள் ஏழு பேர், இறந்தவர்கள் நான்கு பேர், அந்த நால்வரில் இருவர் மிருக வைத்தியர்கள். காய்ச்சலோடு மூச்சுத்திணறும் குதிரையிடம் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் இளையவரை அனுப்பும் மூத்தவர் வேறு எதைப் பழக்கினாலும் எனக்கு அது கணக்கில் இல்லை.


கல்லடிப்பாலம் | புதன், இரவு 10.05

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சி இந்த இழை முழுவதையும் வாசித்தார். விற்பவர் தங்கள் வாடிக்கையாளர் என்பதை வாங்குபவருக்கு அறிவித்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்தார். கோப்பில் இல்லை. மேற்பார்வை டொக்டரிடம் நேரே போய் அதைச் சொன்னார். குரலை உயர்த்தாமல், "கண்டதை நான் எழுதுகிறேன், உங்கள் கருத்தை அடுத்த வரியில் உங்கள் பெயரிலேயே எழுதலாமா?" என்று கேட்டார். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் அதே வைத்தியசாலையின் இன்னொரு மூத்த டொக்டர் குதிரையை மறுபடி பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். வாங்குபவருக்கு விஷயம் சொல்லப்பட்டது. இரண்டு வரியும் அறிக்கையில் இருக்கின்றன. வாங்குவதா இல்லையா என்பது அவர் முடிவு.

சிபாரிசுக் கடிதம் என்ன ஆகும் என்று தங்கச்சிக்குப் பயம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அதற்காக அவருடைய கம்பஸ் காலப் பேராசிரியர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன், அவரும் ஒரு கடிதம் தரச் சம்மதித்திருக்கிறார்.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். குதிரையின் வைத்தியம் பற்றிய எதற்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை. அதற்கு ஆரையம்பதி அக்காவையும் அக்கரைக் காற்றையும் அவரோடு சேர்த்துவிட்டேன், இருவரும் சம்மதித்தார்கள். மற்றதெல்லாம் என்னோடு பேசலாம், எந்த இரவிலும்.

பாண்டிருப்பு சேர், நடுவயதுக்காரன் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.


பாண்டிருப்பான் | வியாழன், காலை 5.50

சொல்லவில்லைதான். நடுவயதில் ஆள் அலுவலகத்துக்குப் பெரியவராகிவிடுகிறார். இறந்த மாட்டைப் பார்க்காமலே காப்புறுதிக்குப் பிரேத பரிசோதனை அறிக்கை கேட்டு வருபவர் வருவது அவரிடம்தான். மாடு ஏற்றும் லொறிக்குச் சான்றிதழ் கேட்டு ஆள்பிடித்து வருவதும் அவரிடம்தான். இளையவருக்காவது கேட்க ஆள் உண்டு, இவருக்குக் கேட்கக் கூச்சம். நீங்கள் எனக்குப் போன் எடுங்கள் மகன். சனிக்கிழமை காலையில் எனக்கு வேலை ஒன்றுமில்லை. பொத்துவில், திருக்கோவில், வாகரைப் பக்கம் உங்கள் வயதில் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர், சொந்தக்காரர் பெயர் வேண்டாம், விஷயத்தை மட்டும் பேசுவோம்.


களுவாஞ்சிகுடிப் பிள்ளை | வியாழன், காலை 9.20

மாணவர்களும் வரலாமா சேர்? நாங்கள் பேச மாட்டோம், கேட்டுக்கொண்டிருப்போம்.


பாண்டிருப்பான் | வியாழன், காலை 9.45

வாருங்கள் மகள். ஆனால் பேசாமல் இருப்பதென்றால் வர வேண்டாம். முதல் சனிக்கிழமை குதிரைக்கு மூக்குவழி குழாய் விடுவதைப் பற்றி நீங்களே படித்துச் சொல்லுங்கள், நாங்கள் கேள்வி கேட்கிறோம்.


வெல்லாவெளிப் பட்டிக்காரன் | வியாழன், மாலை 7.10

மாட்டில் கை பழக வேண்டும் என்றால் பிள்ளைகளை எங்கள் பட்டிக்கு அனுப்புங்கள் டொக்டர். காலை ஆறு மணிக்கு முன் வந்தால் மாடு மேய்ச்சலுக்குப் போகாது. நீளச் சப்பாத்து கொண்டு வரட்டும், இப்போது சேறு.